வால்வின் முதுகு

வாசலில் பதினேழு லாரி.
காவேரிப்பட்டணத்து இரவின் புழுக்கம் போதாதென்று
தன் சூட்டையும் சேர்த்துப்
பழுத்துக்கொண்டிருக்கிறது பெங்களூரா.

உள்ளே, பாய்லருக்குத் தண்ணீர் தள்ளும் நீராவிப் பம்பு
நாலு அடி நடக்கும், ஐந்தாவதில்
சண்டி மாடாய்ப் படுத்துக்கொள்ளும்.
சென்றாயன் கடப்பாரையால் தண்டை நெம்புவான்.
எழும். மறுபடி நாலு அடி.

"எண்ணெய் பத்தலைக்கா."
காலையிலிருந்து மூன்று லிட்டர் குடித்திருக்கிறது.
தாகத்தில் படுத்த மாடில்லை இது.
தீயை வாரி வெளியே போடச் சொன்னேன்.
மேனேஜர் முகத்தில்
பதினேழு லாரியும் ஒன்றாக ஹாரன் அடித்தன.

நனைத்த சாக்கைப் போர்த்தி ஆறவிட்டு
மூடியைக் கழற்றினால்
கவிழ்த்து வைத்த சோப்புப் பெட்டி மாதிரி
ஒரு வார்ப்பிரும்புத் துண்டு.
வேலை அதிகமில்லை அதற்கு.
இப்படி இரண்டு விரற்கடை, அப்படி இரண்டு விரற்கடை,
ஒரு வாயைத் திறந்து மறு வாயை மூடுவது.
ஆனால் சிலிண்டருக்குப் போகிற நீராவி எல்லாம்
அதன் முதுகில் உட்கார்ந்துவிட்டுத்தான் போகிறது.

சிமெண்டுத் தரையில் சாக்கட்டியால் கணக்குப் போட்டேன்.
நாலுக்கு நாலு, பதினாறு சதுர அங்குலம்.
அங்குலத்துக்கு நூறு பவுண்டு.
"கிரேட் கணக்குல சொல்லுக்கா."
முப்பது கிரேட் மாம்பழத்தை
முதுகில் அடுக்கிவிட்டு
நகரு நகரு என்கிறோம், சென்றாயா.

நீலம் தடவி அடிமுகத்தை இழுத்துப் பார்த்தேன்.
ஒட்டிய மேட்டைச் சுரண்டி, மறுபடி தடவி, மறுபடி சுரண்டி,
ஒரு மணிக்கெல்லாம் முகம் கண்ணாடியானது.
கண்ணாடிமேல் ஏற்றினாலும்
முப்பது முப்பதுதான்.

"பிலோமினா, இன்னும் எவ்வளவு நேரம்?"
ஏழாவது முறை. என் தோளுக்கு மேல் குனிந்து,
பாக்கு வாசனையோடு.
சுரண்டி நழுவிக் கட்டைவிரல் கிழிந்தது.
"சார், கொஞ்சம் அந்தப் பக்கம் நில்லுங்க."
நின்றார்.
கை லேசானது.
இவ்வளவு நேரமும் அடியையே தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.
வால்வைத் திருப்பி வைத்தேன்.

பழைய டிராக்டர் லைனரில் ஒரு வளையம் கடைந்து
முதுகில் பள்ளம் வெட்டி, அடியில் வில் வைத்து, உட்கார்த்தினேன்.
வளையம் எழும்பி
மூடியின் உள்முகத்தைத் தொட்டபடியே ஓடும்.
அதற்கு வெளியே நீராவி.
உள்ளே ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லாமலே இருப்பதற்கு
நடுவில் ஒரு சின்னத் துளை, கழிவு வழி பார்த்து:
கசிந்து வருகிறது கசிந்தே போகட்டும்.

"பெரிய வளையமாப் போட்டு
மொத்தத்தையும் எடுத்துடலாமே?"
நியாயமான கேள்வி.
மொத்தமும் எடுத்தால் மிதக்கும்,
இடம் விட்டெழும், வாய்க்கு வாய் ஒழுகும்.
பன்னிரண்டு கிரேட் இருக்கட்டும் அதன்மேல்.
இருந்த இடத்தில் இருக்கவும்
ஒரு பாரம் வேண்டியிருக்கிறது.

நாலரைக்குத் தீ போட்டான்.
முந்திரித் தோட்டின் புகை கண்ணைக் கரித்தது.
முதல் அடியில் வால்வு எகிறிப் புஸ்ஸென்றது,
சென்றாயன் அதன் தாயைத் திட்டினான்.
இரண்டாவதில் அமர்ந்தது.
மூன்று. நாலு.
ஐந்து
வந்தது.
அதற்குப் பிறகு நான் எண்ணவில்லை.

"எத்தனை நாள் தாங்கும்?"
சீசன் முடிகிறவரை என்றேன்.
எனக்குத் தெரியாது.
வளையத்துக்குத் தெரிந்திருக்கலாம்.

கண்ணாடிக் குழாயில் தண்ணீர் ஒரு விரல் ஏறியது.
சென்றாயன் கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு போய்
மாங்கொட்டைக் குவியலுக்குப் பின்னால் போட்டுவிட்டு வந்தான்.
முதல் லாரி பின்கதவை அவிழ்க்கிற சத்தம்.
மேனேஜர் இன்னும் அந்தப் பக்கமே நின்றுகொண்டிருந்தார்.